ஏழாம் எண்ணின் கை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி, ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். பரவாயில்லை, நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள் அம்மா. நிதானமாகத்தான் சொல்வேன். கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

கொக்கிகளை மாட்டியது நான்தான். அதில் சந்தேகமே வேண்டாம். தியேட்டர் முன்கூடத்தில் அத்தனை பேர் பார்க்கத்தான் மாட்டினேன். ஏன் திரும்ப அவிழ்க்கவில்லை என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? அதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நான் சினிமாவில் காஸ்ட்யூமராக இருந்தவள். தைப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, நடிகர்களுக்கு மாட்டிவிடுவது, அவர்களுடைய வியர்வையை அலசிக் காயப்போடுவது. 'ஏய் காஸ்ட்யூம்' என்பதுதான் யூனிட்டில் என் பெயர். அந்த விண்வெளிச் சண்டைப் படத்துக்கு ஒரு இரும்பு மனிதன் வேண்டும் என்றார் டைரக்டர். கதையில் அதற்கு ஏழாம் எண் என்று பேர். தகடும் ரப்பரும் வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த உடையை நான் ஒருத்தியே செய்தேன். நெஞ்சுத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கேமராமேன், "என்னக்கா இது, பீரோவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றார். தளமே சிரித்தது. அன்றிலிருந்து உடை உள்ளே வரும்போதெல்லாம் லைட் போடுகிற பையன்கள், "வழி விடுங்கப்பா, பீரோ வருது, நகை நட்டு இருக்கும்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிக்காதவளை அங்கே வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உடைக்குள்ளே போனது என் தம்பி. வீட்டில் சின்னவன் என்போம். மெலிந்த உடம்பு. அந்த உடைக்குப் பொருந்தியவன் அவன் ஒருத்தன்தான், அல்லது அவனுக்குப் பொருந்துகிற மாதிரிதான் நான் வெட்டினேன், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். வேறு வேலை எதிலும் அவன் நிலைக்கவில்லை. உடையை மாட்டுவதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அவன் கழுத்திலும் கையிலும் பவுடரைக் கொட்டித் தேய்ப்பேன். பிறகு முதுகுப் பக்கம் கொக்கிகளை மாட்டி, ஒரு சின்னச் சாவியால் இறுக்குவேன். உள்ளே இருப்பவனுக்குக் கொக்கி எட்டாது. சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கும்.

உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் எங்களுக்குள் ஓர் அடையாளம். கையைத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரித்தால், 'அக்கா, திற' என்று அர்த்தம். அது படத்துக்காக உண்டாக்கியது இல்லை. அம்மா இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவாள். சின்னவன் சத்தம் போடாமல் இருக்க அவனைத் துணி அலமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்துவேன். விளையாட்டு என்று சொல்லித்தான். கதவு இடுக்கில் ஒரு சின்னக் கை வெளியே வந்து அப்படி மடங்கி விரியும். நான் கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பேன். எப்போதும் திறந்துதான் இருக்கிறேன்.

படப்பிடிப்பில் அவன் எதற்கெடுத்தாலும் அந்தக் கையைக் காட்டினான். மூக்கு அரித்தால் கை. முதுகு வலித்தால் கை. ஒரு ஷாட்டும் உருப்படவில்லை. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு ஒண்ணுக்கு வந்தா நாங்க பேக்கப் சொல்லணுமா? நாளைக்கு இதே கதைன்னா அந்த பீரோவைத் தூக்கிக் கடாசிட்டு பொம்மையை வெச்சு எடுத்துக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சின்னவனிடம் சொன்னேன். "ஒரே ஒரு ஷாட் பொறுத்துக்கடா. செத்தா போயிடுவ?"

"நீ ஒருநாள் உள்ள வந்து நின்னு பாருக்கா. அப்ப தெரியும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மறுநாள் ஏழாம் எண் சாகிற காட்சி. புகை, பெரிய பெரிய விளக்குகள். அது முழங்காலிட்டு விழுந்து, கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்தது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தூரத்தில், விளக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். புகையில் எனக்குக் கை தெரியவில்லை. ஆனால் முதல்முறையாகத் தளத்தில் யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் கட் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது யாரோ கைதட்டினார்கள். ஒரு மந்தையில் ஒன்று போதுமே. மொத்தப் பேரும் தட்டினார்கள். அந்தச் சத்தமெல்லாம் அடங்கி நான் போய்த் திறந்தபோது சின்னவன் போயிருந்தான்.

இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். யாருக்குத்தான் கடைசியில் அது நிற்காமல் போகிறது.

அந்த ஷாட்டைப் படத்தில் வைத்தார்கள். பாதியாக வெட்டி வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். படம் அதற்காகவே ஓடியது. சட்டையில் அந்தக் கை, கோப்பையில் அந்தக் கை, வண்டியின் பின்னால் அந்தக் கை. கையை அப்படி மடக்கி விரித்தால் 'எனக்குச் சாவில்லை' என்று அர்த்தமாம், ரசிகர்கள் கண்டுபிடித்தது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை காட்டுகிறான், பரீட்சை பாஸானவன் காட்டுகிறான். அதோ கதவோரம் நிற்கிறாரே உங்கள் காவலர், என்னை உள்ளே அழைத்து வரும்போது அவரும் காட்டினார். நீங்களும் சின்ன வயதில் காட்டியிருப்பீர்கள் அம்மா. தலையைக் குனிய வேண்டாம். உங்களுக்கு என்ன தெரியும்.

பிறகு கொஞ்ச வருடம் நிம்மதியாக இருந்தது. மறந்துபோனார்கள். இப்போது புதிதாக ஒரு கதை யோசிக்க வக்கில்லாதவர்கள் பழைய படப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து திரும்பவும் தியேட்டரில் விடுகிறார்கள். ராக்கெட் படம் வந்தது. காலத்தில் பின்னால் போய்ச் சுடுகிற படம் வந்தது. தொந்தி விழுந்த ஆண்பிள்ளைகள், அட்டையில் செய்த தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சிறுசுகளின் தூக்கத்தைக் கெடுத்து இழுத்து வந்து, "இப்ப பாரு, இப்ப பாரு, இப்ப சுடுவான் பாரு" என்கிறார்கள். சுடப் போவது தெரியும், யார் சாவார்கள் என்பது தெரியும், வசனம் நடிகன் வாயிலிருந்து வருவதற்கு முன்பு இவர்கள் வாயிலிருந்து வருகிறது. பிறகு எதற்கு வருகிறார்கள்? தங்களுக்கும் ஒரு காலத்தில் வயிறு தட்டையாக இருந்தது என்று இருட்டில் நம்புவதற்கு வருகிறார்கள்.

அப்படி ஒருத்தன்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினான். ரசிகர்கள் கூட்டத்துக்குத் தலைவன். கமாண்டர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். மற்ற நேரத்தில் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். வாசலில் நின்று என்னைப் பார்த்ததும் அந்தக் கையைக் காட்டினான்.

"மேடம், ஏழாம் எண்ணோட டிரெஸ் இன்னும் உங்ககிட்டதான் இருக்குதாமே?"

மேடம் என்றான். என் வாழ்நாளில் முதல் தடவை. உள்ளே விட்டேன். தார்ப்பாயை விலக்கி உடையைக் காட்டியபோது உட்கார்ந்து அழுதான். என் தம்பி செத்த அன்று யூனிட்டில் யாரும் அப்படி அழவில்லை. படம் திரும்ப வெளியாகும் நாளில் முன்கூடத்தில் அந்த உடையைத் தானே போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அது தன் வாழ்நாள் ஆசை என்றான். உள்ளே செத்தவன் யார் என்று கேட்கவில்லை. செத்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. ஷாட் எந்த லென்ஸில் எடுத்தது என்று மட்டும் தெரிந்திருந்தது.

ரசிகர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டினார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். சுத்தம் செய்த பிரதி. புகைக்குள்ளே ஒவ்வொரு இழையும் தெரிந்தது. வெட்டிப்போட்ட துண்டையும் சேர்த்து அந்த ஷாட்டை முழுசாக வைத்திருந்தார்கள். ஏழாம் எண் முழங்காலிட்டதும் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கி விரல்களை மடக்கி விரித்தார்கள். அக்கா, திற. அக்கா, திற. இருட்டு முழுக்க. பிறகு கைதட்டினார்கள். என் தம்பி மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிற ஜனங்கள் எப்படிப்பட்ட ஜனங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அங்கே வைத்துத்தான் முடிவு செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியான அன்று காலையிலேயே உடையோடு போய்விட்டேன். கமாண்டர் மனைவியோடு வந்தான். "பத்து நாளா சோறு தொடலை மேடம், டிரெஸ்ல நுழையணும்னு" என்றான்.

"வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா இடுப்பு வலிம்பாரு. இதுக்கு மட்டும் பட்டினி கிடப்பாரு" என்றாள் அவள். நல்ல பெண். அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

கழுத்திலும் கையிலும் பவுடர் போட்டுத் தேய்த்து, அவனை உள்ளே திணித்தேன். "ஏதாவது வேணும்னா உங்களை எப்படிக் கூப்பிடறது மேடம்?" என்றான்.

"கையைக் காட்டு. உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

அவனுக்கு அது எவ்வளவு பிடித்துவிட்டது தெரியுமா. காற்றுக்காகக் கழுத்துக்கடியில் இரண்டு துளைகள் உண்டு. அங்கே முதல் நாள் இரவே பஞ்சு வைத்திருந்தேன். சின்னவனுக்கு நான் பஞ்சு வைக்கவில்லை, அதையும் எழுதுங்கள். முகமூடியை மூடினேன், கொக்கிகளை இறுக்கினேன், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மூலையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியின் கால்கள் சரியாக இருந்தன.

கொஞ்ச நேரம் போட்டோ எடுத்தார்கள். தோளில் கை போட்டு, குழந்தையைத் தூக்கிக் கொடுத்து. பிறகு அவன் கையைத் தூக்கினான். மடக்கி விரித்தான். கூட்டம் ஒரே கூச்சல். எல்லோரும் திருப்பிக் காட்டினார்கள். அவன் என் பக்கம் திரும்பி நின்று காட்டினான். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துக் காட்டினார்கள். முழங்காலிட்டான். "தத்ரூபமா பண்றான்டா" என்றது ஒரு குரல். விழுந்தான். கைதட்டினார்கள். மனைவி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவள்தான் என்னிடம் வந்தாள்.

"மேடம், அவர் எழுந்திருக்க மாட்டேங்கறாரு."

"படத்துலயும் எழுந்திருக்க மாட்டான்ம்மா" என்றேன்.

சாவியைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. பிறகு தியேட்டர் ஆட்கள் வந்து உடையை அறுத்துத் திறந்தார்கள். அதற்குள் அவனும் போயிருந்தான். நெஞ்சுத் தகட்டை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். இனி அதை ஒட்ட முடியாது.

அவ்வளவுதான் அம்மா. என் தம்பி சாகும்போது கைதட்டியவர்களில் ஒருத்தனை அவன் நின்ற இடத்தில் நிற்க வைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இன்னும் ஒன்றா? கேளுங்கள்.

ஆமாம், முகமூடியை மூடுவதற்கு முன் அவன் என்னிடம் ஏதோ சொன்னான். தியேட்டர் கேமராவில் அது தெரிகிறதா. எல்லாவற்றையும் சுத்தமாகக் காட்டுகிற காலம் வந்துவிட்டது. அது ஒன்றுமில்லாத பேச்சு. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே அதைத்தான் கேட்டான், பிரதியைச் சுத்தம் செய்கிறவர்களிடம் அந்த ஷாட்டை முன்பே வாங்கிப் பார்த்திருந்தான். அப்போது தெரியாது என்று சொல்லிவிட்டேன். அன்று திரும்பவும் கேட்டான்.

"மேடம், புதுப் பிரின்ட்ல நெஞ்சுத் தகட்டை உத்துப் பார்த்தா ஒரு பொம்பளை தெரியறாங்க. ரொம்பப் பக்கத்துல நிக்கறாங்க. கழுத்துல சாவி மாதிரி ஏதோ தொங்குது. ஏழாம் எண் கையைக் காட்டிக்கிட்டு இருக்கும்போதே, எல்லாருக்கும் முன்னாடி முதல்ல கைதட்டறது அவங்கதான். இன்னைக்கு மேடையில பெருசாக்கிக் காட்டப் போறேன். நீங்கதானே மேடம்? சொல்லுங்க, உங்களுக்கு ஒரு மாலை போட்டுடறேன்."

அது வரைக்கும் பஞ்சை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். நம்பினால் நம்புங்கள்.

நீங்களும் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. சரி. விளக்குகளுக்குப் பின்னால் என்று சொன்னதை அடித்துவிடுங்கள். பக்கத்தில்தான் நின்றேன். கையையும் பார்த்தேன். மூக்கு அரிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்பது அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா. தெரிந்தது. ஆனால் அன்றைக்குத்தான் என் உடை முதல்முறையாக உயிரோடு இருந்தது, ஒருத்தரும் பீரோ என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஷாட் பொறுக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் கைதட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. அவனுக்குப் போட்ட பவுடர் என் இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டியிருந்தது. அதைத்தான் உதறிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து மற்றவர்கள் தட்ட ஆரம்பித்தார்கள் என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.