அரைச் சுத்து

அக்கா: போதும்டா. இன்னிக்கும் அரைச் சுத்துக்கு மேல திருகாதே.

தம்பி: மதகுச் சக்கரம் துருப்பிடிச்சுக் கிடக்குக்கா. இதுக்கே கை கழண்டுடும் போல...

அக்கா: தண்ணியை வேகமா இறக்கினா ஊறின கரை சரிஞ்சுடும்னு, கரையைச் சோதிக்க வந்த ஆய்வாளர் சொன்னாருல்ல?

தம்பி: அவர் சொல்லித்தான் தெரியணுமா? நம்ம சின்ன வயசுலேர்ந்து அப்பா பாடுற பாட்டுதானே.

அக்கா: ம்... அங்க பாரு. படகுத்துறையோட கடைசிப் படி தெரியுது.

தம்பி: எனக்கு நீச்சல் வந்த படி!

அக்கா: நீச்சலா? வழுக்கி விழுந்தே. அம்மா புடவையோட குதிச்சாங்க.

தம்பி: அவங்களுக்கும் நீச்சல் தெரியாது. கடைசில நான்தான்...

அக்கா: அளக்காதே. அங்க இடுப்பளவுதான் தண்ணி.

தம்பி: ஞாயித்துக்கிழமைன்னா என்ன கூட்டம், இல்லக்கா? அப்பா விசில் ஊதி, "நாலாம் நம்பர், கரைக்கு வா"ன்னு கத்துவார்.

அக்கா: அந்தப் படகு என்னிக்குச் சொன்ன பேச்சு கேட்டுச்சு? நடு ஏரியில நின்ன இடத்துலயே சுத்தும்.

தம்பி: புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு அதைத்தானே கொடுப்பார். "அவங்களுக்கு என்ன அவசரம்"னு.

அக்கா: ...இன்னிக்கு அவர்கிட்ட என்ன சொன்னே?

தம்பி: தினம் சொல்றதுதான். ஏரி தளும்புதுப்பான்னேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னார்.

அக்கா: ஐயய்யோ... போட்டியா?

தம்பி: போட்டேன். மூக்குக்கண்ணாடிதான் என் சட்டைப்பையில இருக்கே. கடையில ரிப்பேருக்குக் கொடுத்திருக்குன்னு சொல்லிட்டேன்.

அக்கா: பாவம்டா. அம்மாவும் அவருமா மண்ணு கொட்டிக் கட்டின கரை... அதைப் போய் வெட்டணுமா?

தம்பி: எனக்கு மட்டும் ஆசையா? கரை அடியில கசியுது. அடுத்த மழைக்கு உடைஞ்சா கீழ இருக்கிற வீடுங்க என்ன ஆகும்? தண்ணி வத்தினதும் வெட்டித்தான் ஆகணும். அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்க்கா.

அக்கா: ஆய்வாளர்கிட்ட யாரு வத்தி வச்சாங்களோ...

தம்பி: கேட்டுப் பார்த்தேன். பேர் சொல்லமாட்டேன்னுட்டார் ஆய்வாளர்.

அக்கா: டேய்... பின்னால யாரு பாரு. அப்பா! கைத்தடியை ஊனிக்கிட்டு இவ்வளவு தூரமா...

அப்பா: ஏரி வழியிற சத்தம் நின்னு ஒரு வாரமாச்சு. கண்ணாடியை ஒளிச்சு வச்சே, சரி. காதை என்னடா பண்ணுவே?

தம்பி: அப்பா... அது வந்து...

அப்பா: அரைச் சுத்துதானே திறந்தே?

தம்பி: ஆமாப்பா.

அப்பா: அதுக்கு மேல போகாதே.

அக்கா: உங்களுக்கு வருத்தமா இல்லையாப்பா?

அப்பா: இல்லாம இருக்குமாம்மா? ஆனா போன மழைக்கு அப்புறம் கரைக்குக் கீழ நடந்தப்போ கால் புதைஞ்சுது. அன்னிக்கே ஆய்வாளருக்கு நான்தான் போன் பண்ணினேன். பேரைச் சொல்லிடாதீங்க, பிள்ளைங்க தாங்கமாட்டாங்கன்னேன்.