நடந்தே தாண்டிய கடல்

பாம்பனில் நின்ற ராமநாதபுரம் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் தன் கணவரின் அக்காவிடம் சொன்னாள்: "மதினி, நேத்து நான் கடல நடந்தே தாண்டிட்டேன்!"

"தண்ணி மேல நடக்க நீ என்ன ஏசப்பாவா?"

"ரோட்டுப் பாலத்துல மதினி. எங்கயும் உக்காராம."

"மூச்சு வாங்கலையா?"

"மொதல்ல சர்ச்சு வரைக்கும் போகவே வாங்குச்சு. எங்கக்கா கர்ப்பப்பை புத்துநோயில போனப்ப, டாக்டரம்மா என்னையப் பாத்து, 'எடையக் குறைச்சு தெனம் நடந்தா ஒனக்கு அது வார வாய்ப்பு குறையும்'னாங்க. ஒரு வருசமா நடக்குறேன். பன்னெண்டு கிலோ போயிருச்சு!"

மதினி தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலடித்தார்.

"நிறுத்துங்கண்ணே, நாங்க எறங்கணும்!" என்றாள் மதினி.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்துக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?"

"நடந்து வாரோம்!"

பேருந்து பாலத்தில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். இருவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைவீசி வந்துகொண்டிருந்தார்கள்.