எழுப்பாத காமன்

பேச்சி: ...கழுத்தத் திருப்ப முடியல மாஸ்டர். கொழுந்துக் கூடைக் கயிறு தலையில அழுத்தி அழுத்திப் பிடரியே மரக்கட்டையாப் போச்சு. நீங்க அங்க உக்காந்தா நான் செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான் பதில் சொல்லணும்.

மாஸ்டர்: நீ அசையாத பேச்சி. நான் இந்தப் பக்கம் வர்றேன்.

பேச்சி: அந்தப் பலகையில வேணாம், ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. அடுப்புக்கிட்ட வாங்க... என்னா இது, கால் சப்பாத்தெல்லாம் சேறு? ரோட்டச் சுத்தியா வந்தீங்க?

மாஸ்டர்: ஆமா.

பேச்சி: பள்ளிக்கூடத்துலருந்து குறுக்குப் பாதையில எறங்குனா கால் மணி நேரம். ரோட்டுல முக்கா மணி. இந்தப் பனியில, அறுவது வயசுல...

மாஸ்டர்: அம்பத்தெட்டு.

பேச்சி: சரிங்க, மாப்பிள்ளை. ஏன் குறுக்குப் பாதையில வரல?

மாஸ்டர்: நான் அதுல நடக்கிறதில்ல.

பேச்சி: எப்ப இருந்து?

மாஸ்டர்: ...அத விடு. வந்த சங்கதியச் சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை அட்டன்ல கூட்டம். உன் தம்பி செத்து பத்து வருசம் ஆகுது. கண்டியிலருந்து, கொழும்புலருந்து எல்லாம் ஆளுங்க வர்றாங்க. அவன் பாட்டுப் பொஸ்தகம் ரெண்டாந்தரம் அச்சாகியிருக்கு. நினைவுக் கல் ஒண்ணும் வைக்கிறோம். நீ மேடையில உக்காரணும்.

பேச்சி: மேடையில உக்காந்து என்னா செய்ய? செவுத்தப் பாக்கவா?

மாஸ்டர்: சும்மா உக்காந்தாப் போதும். கவிஞர் தணலனின் அக்கான்னு சொல்லுவோம்.

பேச்சி: யாரு அது தணலன்?

மாஸ்டர்: தெரியாத மாதிரி கேக்காத.

பேச்சி: எங்களுக்கு முன்ன மூணு புள்ளை பொறந்து மூணும் செத்துச்சு. நாலாவது நான். அஞ்சாவதும் போயிடக் கூடாதுன்னு எங்கம்மா அவனுக்கு மூக்குக் குத்தி மூக்கன்னு பேரு வச்சா. சாகக் கூடாதுன்னு வச்ச பேரு மாஸ்டர் அது. அதத் தூக்கிப் போட்டுட்டு நெருப்புல ஒரு பேரு வச்சிருக்கீங்க.

மாஸ்டர்: மூக்கன்னு போட்டா யாரு வாசிப்பா?

பேச்சி: ஓ... அப்பிடி.

மாஸ்டர்: கோவிக்காத. அவன் உசுரோட இருந்தப்ப இந்தத் தோட்டத்துல எத்தன பேரு அவன் பாட்டக் கேட்டாங்க? தேயிலை வெட்டுற கவ்வாத்துக்கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு, மாவுப்பைத் தாளுல கிறுக்கிக்கிட்டுத் திரிஞ்சான். வேல வாங்குற கண்டாக்கு அவன 'பைத்தியம்'னுதான் பேரு கூப்பிட்டான். இப்ப கல்லூரிப் புள்ளைங்க அவன் பாட்ட மனப்பாடமாச் சொல்லுதுங்க. இருவத்தி நாலு வயசுல, வாழப் புடிக்காம, அருவியில குதிச்சு...

பேச்சி: குதிச்சான்னு யாரு பாத்தா?

மாஸ்டர்: ...கடைசிப் பாட்டு இருக்கே. அதுல அவனே சொல்றானே.

பேச்சி: சொல்லுங்க, கேப்போம். நீங்க நல்லாச் சொல்லுவீங்க.

மாஸ்டர்: 'சாம்பலாகப் போறேண்டி ரதியே, சட்டியில சோறில்லாத ஊர விட்டு.' இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மரண விசாரணையில இந்தத் தாளக் குடுத்தேன். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

பேச்சி: அது காமன் கூத்துப் பாட்டு மாஸ்டர்.

மாஸ்டர்: கூத்துக்கும் எழுதியிருக்கலாம்...

பேச்சி: கூத்துக்குத்தான் எழுதினான். அந்த வருசம் காமன் வேசம் கட்டினது அவன்தான். சிவன் நெத்திக் கண்ணத் தொறந்து காமன எரிக்கிறப்போ, பொஞ்சாதி ரதிக்கிட்ட சொல்லிட்டுப் போற பாட்டு அது. நீங்களும் முன்வரிசையில நாற்காலி போட்டுப் பாத்தீங்க. பொஸ்தகத்துல கூத்துன்னு ஒரு வார்த்தை இருக்கா?

மாஸ்டர்: முன்னுரை நீண்டுபோச்சு...

பேச்சி: எரிச்ச காமன மூணாம் நாள் ராத்திரி எழுப்பணும். தப்படிச்சு, தண்ணி தெளிச்சு, பாட்டுப் பாடி எழுப்பணும். அதுக்குள்ள அவன் போயிட்டான். எழுப்பல. அன்னையிலருந்து இந்தத் தோட்டத்துல யாரும் காமன் கம்பம் நடல. அது தெரியுமா, தெரியாதா?

மாஸ்டர்: தெரியும்.

பேச்சி: இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா? மாசிப் பௌர்ணமி போயி மூணாம் நாள். ஒவ்வொரு வருசமும் நான் எண்ணிக்கிட்டு இருப்பேன். நீங்களும் எண்ணுறீங்கன்னு இப்பத்தான் தெரியுது.

மாஸ்டர்: நான் கூட்டத்துக்குக் கூப்பிடத்தான்...

பேச்சி: அதுக்குத் தபால்காரன் போதும். பத்து வருசமா இந்த லயத்து வீட்டு வரிசைக்குள்ள காலெடுத்து வைக்காத மனுசன், விடிஞ்சா வரலாம், சனிக்கிழமை வரலாம். பொழுது சாயுற நேரமாப் பாத்து இன்னிக்கு வந்திருக்கீங்க... ஏன் வாசலயே பாக்குறீங்க?

மாஸ்டர்: கதவச் சாத்தேன் பேச்சி. குளிருது.

பேச்சி: சாத்தித்தான் இருக்கு.

மாஸ்டர்: கொண்டி?

பேச்சி: போட்டிருக்கு. என்னா மாஸ்டர்... தேத்தண்ணி ஊத்தவா?

மாஸ்டர்: வேணாம்... பேச்சி, சிரிக்க மாட்டேன்னா ஒண்ணு சொல்றேன்.

பேச்சி: கழுத்து வலியில சிரிக்கவும் முடியாது. சொல்லுங்க.

மாஸ்டர்: என் குவாட்டர்ஸ் கதவுல... ஒரு கை அடையாளம். மஞ்சளா. அஞ்சு வெரலும் தெரியும். பச்சப் பெயின்ட் அடிச்சேன், நீலம் அடிச்சேன், கடைசியாத் தாரே பூசினேன். வருசம் பூரா ஒண்ணும் தெரியாது. மாசி மாசம் வந்தா மேல வந்து நிக்கும்.

பேச்சி: ஈரப் பலகை மாஸ்டர். உள்ளயிருந்து எல்லாம் கசியும்.

மாஸ்டர்: ஈரம் கதவத் தட்டுமா?

பேச்சி: ...தட்டுதா?

மாஸ்டர்: மூணு தட்டு. கொஞ்சம் பொறுத்து மூணு. பலமா இல்ல. கையில தெம்பில்லாதவன் தட்டுற மாதிரி. போன வருசம் நோட்டன் பிரிட்ஜுல தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். அங்கயும் தட்டுச்சு. செபம் சொன்னேன். நான் செபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, தட்டுச்சு.

பேச்சி: மரியாதையான பயலுதான். குறுக்கப் பேச மாட்டான்.

மாஸ்டர்: வெளையாடாத!

பேச்சி: நான் வெளையாடல. அதான் இன்னிக்கு இங்க வந்தீங்க. கூடப் பொறந்தவ வீட்டுல தட்ட மாட்டான்னு நெனச்சீங்க.

மாஸ்டர்: ...ஆமா.

பேச்சி: சரியாத்தான் நெனச்சிருக்கீங்க. இங்க வரமாட்டான். இத்தன வருசத்துல ஒரு நாளும் வரல. அந்த மூலையில பாருங்க.

மாஸ்டர்: என்ன அது... சோறா?

பேச்சி: ஒவ்வொரு வருசமும் மூணாம் நாள் ஆக்கி, தட்டுல போட்டு வைப்பேன். விடிஞ்சு பாத்தா ஒரு பருக்கை கொறஞ்சிருக்காது. ஈ கூட மொய்க்காது. பொறவு நாங்களே திங்கிறது.

மாஸ்டர்: ஏன்?

பேச்சி: எங்க தோட்டத்து வழக்கம் மாஸ்டர். எரிஞ்ச காமன எழுப்புற வரைக்கும் அவன் சொந்த வீட்டுல கை நனைக்கக் கூடாது. மூஞ்சியில பூசின மஞ்ச அரிதாரமும் கழுவக் கூடாது. அடுத்த வீட்டுக்காரங்க போட்டாத்தான் சாப்பாடு. மத்த வருசமெல்லாம் லயத்துல ஆளுக்கு ஆளு கூப்பிட்டுப் போடுவாங்க. வீரய்யா தாத்தா காமன் கட்டின வருசம் தின்னு தின்னு வயித்தால போச்சு அவருக்கு. மூக்கன் கட்டின வருசம் எழுவத்தி நாலு.

மாஸ்டர்: மாவுக்கு வரிசையில நின்ன வருசம்.

பேச்சி: வாரத்துக்கு ரெண்டு நாள் வேல. கீழ் லயத்துல மட்டும் பதினோரு சாவு. எந்த வீட்டுலயும் அடுப்பெரியல. அவன் அரிதாரத்தோட லயத்துக்கு லயம் போயி நின்னான். எல்லாரும் கதவுக்குள்ள இருந்துக்கிட்டு இல்லன்னாங்க. நெசமாவே இல்ல. அந்தப் பதினோரு பேருக்குப் பொஸ்தகம் போட்டீங்களா?

மாஸ்டர்: அவங்க எழுதல பேச்சி.

பேச்சி: இவன் எழுதின எல்லாத்தயும் போட்டீங்களா?

மாஸ்டர்: கிடைச்சதெல்லாம் போட்டேன்.

பேச்சி: கெடைக்காதது என்கிட்ட இருக்கு. தகரப் பெட்டியில. பயப்படாதீங்க, உங்ககிட்ட இருக்கிற தாளோட மத்தப் பாதிதான்.

மாஸ்டர்: மத்தப் பாதியா?

பேச்சி: எரியிற பாட்டு ஒரு தாளு. எழுப்புற பாட்டு ஒரு தாளு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அவன் பாடிப் பழகுறப்போ கேட்டிருக்கேன். 'சாம்பலத் தட்டிவிட்டு எழுந்தேண்டி ரதியே, சட்டியில என்ன வச்ச, பசிக்குதுடி...' பாடிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். சாகப் போறவனா மாஸ்டர்? மறுநாளு திங்கிறதுக்குப் பாட்டுக் கட்டி வச்சிருந்தான்.

மாஸ்டர்: ...இத இத்தன நாளா ஏன் சொல்லல நீ?

பேச்சி: சொன்னா அந்தக் கல்லு வைப்பீங்களா? வாழப் புடிக்காம செத்த கவிஞனுக்குத்தான் கல்லு. பசிச்சுச் செத்த கவ்வாத்துக்காரனுக்கு யாரு வைப்பா?

மாஸ்டர்: வைக்க மாட்டாங்க... நெசந்தான்.

பேச்சி: அதுமட்டும் இல்ல. நானும் ஒண்ண மறைச்சேன்.

மாஸ்டர்: என்ன?

பேச்சி: அன்னிக்குப் பொழுது சாயுற நேரம். இதே நேரம். கடைசியா என் வாசலுக்குத்தான் வந்தான். 'அக்கா, கண்ணு இருட்டுது, என்னமும் இருக்கா?'ன்னான். அரை ரொட்டி இருந்துச்சு. முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன், என் புள்ளைக்கு. 'சொந்த வீட்டுல நீ திங்கக் கூடாதுடா'ன்னேன். வழக்கத்தச் சொல்லி வெரட்டிட்டேன் மாஸ்டர்.

மாஸ்டர்: பேச்சி...

பேச்சி: அழுவல, விடுங்க. வெரட்டிட்டுச் சும்மா இருந்தேனா? எங்க போறதுன்னு கேட்டான். 'மாஸ்டர் குவாட்டர்ஸுக்குப் போ. அந்தப் பக்கம் வெறகுக்குப் போனப்போ சோறு கொதிக்கிற வாசம் வந்துச்சு'ன்னேன். குறுக்குப் பாதையில ஏறினான். நான் இங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

மாஸ்டர்: எனக்கு வாசம் வெளிய போகும்னு தெரியல. ஜன்னலெல்லாம் சாக்கு அடைச்சிருந்தேன்.

பேச்சி: அப்ப சோறு இருந்துச்சு.

மாஸ்டர்: ...வன்னியிலருந்து அண்ணன் குடுத்துவிட்டது. நாலு கொத்து அரிசி. பொஸ்தகக் கட்டுக்கு அடியில வச்சுக் கொண்டு வந்தேன். அரிசி கொண்டு வந்தா பொலிஸ் புடிச்ச காலம். கதவு தட்டுற சத்தம் கேட்டதும் பொலிஸ்னு நெனச்சுட்டேன். தொறக்கல. அவ்வளவுதான் பேச்சி. பொலிஸ்னு நெனச்சுட்டேன்.

பேச்சி: விடியக் காத்தால அவனத் தேடிக்கிட்டு நான் அந்தப் பக்கம் வந்தேன். நீங்க வாளியில தண்ணி வச்சுக் கதவத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்தீங்க. தண்ணி மஞ்சளா ஓடுச்சு. நான் தேயிலைக்குள்ள குந்திட்டேன். கேக்கல. கேட்டா, யாரு அனுப்புனதுன்னு நீங்க திருப்பிக் கேப்பீங்கன்னு பயம். அப்புறந்தான் அருவிக்குக் கீழ அவனப் பாத்தாங்க.

மாஸ்டர்: குறுக்குப் பாதை அருவி ஓரமாத்தானே போகுது, எறங்கறப்போ மயங்கி விழுந்திருப்பான்...

பேச்சி: விழுந்தான். குதிக்கல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருந்தான் அவனக் குதிக்க வச்சோம்.

மாஸ்டர்: உஸ்... கேட்டுச்சா?

பேச்சி: என்னா?

மாஸ்டர்: தட்டுது.

பேச்சி: எனக்குக் கேக்கல. பக்கத்துக் காம்பரா வீட்டுல செல்லசாமி வெறகு ஒடைப்பான்.

மாஸ்டர்: இல்ல. மூணு... இந்தா, மறுபடி. பேச்சி, இங்க வரமாட்டான்னியே!

பேச்சி: வரமாட்டான்தான். என் வீட்டுக்கு வரமாட்டான்.

மாஸ்டர்: அப்ப இது?

பேச்சி: உங்களத் தேடி வந்திருப்பான். நான் வச்சா அவன் தொட மாட்டான் மாஸ்டர். வேற கை வேணும். தட்டு அங்கதான் இருக்கு. கொண்டியத் தொறந்து, உங்க கையால எடுத்துக் குடுங்க.

மாஸ்டர்: வெளிய யாரும் இல்லன்னா?

பேச்சி: இல்லன்னா படியில வச்சுட்டு வாங்க. எனக்குக் கழுத்துத் திரும்பாது, நான் பாக்க மாட்டேன்... ஒண்ணு மட்டும் சொல்லிட்டுத் தொறங்க. பொலிஸ் தட்டுனா கதவு ஒடஞ்சு போகும். மூணு தட்டு, தெம்பில்லாம, மரியாதையா. அது பொலிஸ்னா நெனச்சீங்க?

மாஸ்டர்: ...சாக்க வெலக்கிப் பாத்தேன் பேச்சி. மூஞ்சி பூரா மஞ்ச, வாயோரம் மட்டும் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. 'மாஸ்டர், நான் மூக்கன்'னு சொன்னான். அவன்னு தெரிஞ்சுதான் வெளக்க ஊதி அணைச்சேன். நாளைக்கும் எனக்குச் சோறு வேணுமேன்னு. இந்தா, சோத்துத் தட்ட எடுத்துக்கிட்டேன், கொண்டிய எடுக்கிறேன்... அவனுக்கு நான் ஒரு தட்டுச் சோறு கடன்பட்டிருக்கேன்.