கோப்பைக்கு முன்னால் காது

மகள்: கப்பைப் பாருப்பான்னா... காதைப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டு இருக்க!

அப்பா: கப்பு எங்க ஓடிடப் போகுது? இந்தப் பக்கம் காட்டு. கழுத்து...

மகள்: ஐயோ, கூசுது! ரிலேல நான்தான் கடைசி ஆள், கோட்டைத் தொட்டதும் மொத்த மைதானமும் கத்தி...

அப்பா: கொப்புளம் இல்ல. சிவக்கக்கூட இல்ல. உச்சி வெயில்ல ஓடின கழுத்தாடி இது?

மகள்: மேகம் வந்துச்சு.

அப்பா: எனக்குத் தெரியாம எந்த மேகம்? போன வருஷம் பயிற்சில வெந்து, தோல் உரிஞ்சு, குப்புறப் படுத்து அழுதியே... டாக்டர் என்ன சொன்னாங்க?

மகள்: சின்ன வயசுல வெயில் சுட்டா பின்னாடி தோலுக்குக் கெடுதல்... தெரியும், தெரியும். அப்புறம் அந்த வருஷப் போட்டி அன்னிக்கு நீ வெயில் கிரீம் தடவி விட்டதும் தெரியும். உள்ளங்கை வழவழன்னு... ரிலே குச்சி நழுவி... "வழுக்குக் கை"ன்னு ஸ்கூல் பூரா பேரு!

அப்பா: கையைக் கழுவாம ஓடினது நீ. பழி மட்டும் என் மேல, கிரீம் மேல! அதுலேருந்து டியூபைக் கண்டாலே பேயைக் கண்ட மாதிரி... உண்மையைச் சொல்லு. இன்னிக்குத் தடவினியா?

மகள்: ...தடவினேன்.

அப்பா: என்னது?

மகள்: நாலு பேரும்தான். ஒருத்தி கழுத்துக்கு இன்னொருத்தி, புறங்கையால. காது மடல்கூட விடல. அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, மண்ணுல கையைத் தேச்சு... குச்சி அப்படியே ஒட்டிக்கிச்சுப்பா! வளைவுல ரெண்டு பேரைத் தாண்டினேன்!

அப்பா: அடி சக்கை! என் தங்கம்!

மகள்: கோச் போட்ட சட்டம். தடவாதவ ஓடக் கூடாது. எல்லாரும் தடவினா யாரு யாரைக் கிண்டல் பண்றது?

அப்பா: ம்ம்... நல்ல சட்டம்தான்.

மகள்: ஏன் சிரிக்கிற?

அப்பா: நானா? இல்லையே.

மகள்: மீசை ஆடுதே!

அப்பா: சரி... கோவிச்சுக்காத. "எம் பொண்ணு என் பேச்சைக் கேக்க மாட்டா, எல்லாருக்குமா ஒரு சட்டம் போடுங்க"ன்னு அவர்கிட்ட போய்க் கெஞ்சினேன்.

மகள்: அச்சச்சோ... அவர் என்ன சொன்னார்?

அப்பா: "ஏற்கெனவே போட்டாச்சு சார், உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து கேட்டுட்டாங்க"ன்னார். யாரு பெத்த புள்ளையோ... நல்லா இருக்கட்டும்!

மகள்: நீ பெத்த புள்ளதான்பா! வீட்டுல ஒத்துக்கிட்டா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல... அதான் நேரா அவர்கிட்டயே போயிட்டேன்!