கேள்வி நேரத்தில் கறிபாப்

பிரிக்பீல்ட்ஸ் போகக் கிளம்பிய நான், கிள்ளானில் எதிர்த்திசை ரயிலில் ஏறி, கப்பல் பிடிக்கப் போகிறவன் மாதிரித் துறைமுகம் வரைக்கும் போய்விட்டேன். பிறந்ததிலிருந்து இதே ஊர்தான் என்பதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். திரும்பி வந்த ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒரே பல்கலைக்கழகத்து விரிவுரையாளர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கேள்வி நேரத்த எடுத்துட்டு கறிபாப் வச்சிட்டாங்க அக்கா," என்றாள் இளையவள்.

நான் கைப்பேசியை அணைத்துவிட்டுக் காதைத் திறந்துகொண்டேன்.

"எதுல?"

"என் டாக்லதான். நம்ம யுனிவர்சிட்டி நிர்வாக போர்டுல ஏன் ஒரு லெக்சரர்கூட இல்லன்னு பேசப்போறேன்ல. நான் பேசலாமாம். யாரும் கேள்வி கேக்கக்கூடாதாம். அந்த நேரத்துல எல்லாரும் டீயோட அந்தப் பலகாரத்தச் சாப்பிடணுமாம்."

"வாய் நிறைய கறிபாப் இருந்தா எப்படிக் கேப்பாங்க? டீன் மூளைக்காரர்லா."

"தட்டோட நின்னுக்கிட்டே கேள்வி கேளுங்கன்னு மேடையிலேயே சொல்லப்போறேன்."

"ஏய், அடுத்த மாசம் ஒனக்கு கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்க மாட்டாங்க."

"தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனா கேள்வியே கேக்க மாட்டேங்கிறீங்கன்னு கிளாஸ்ல பசங்கள தெனம் திட்டுறேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றது?"

"சரி, முதல் கேள்வி நான் கேக்குறேன். எனக்கு ரெண்டு கறிபாப் எடுத்து வை," என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேலை போயிருச்சுன்னா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

இளையவள் திரும்பினாள்.

"அத அங்க வந்து கேளுங்க அங்கிள்."