கூடையைத் தரையில் வையுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ராஜாக்கண்ணு அவர்களே, திருப்பத்தூரிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, டாக்டர் ஐயாவின் துணைவியார் சாந்தம்மாள் அவர்களே, மழையில் நனைந்துகொண்டே மலை ஏறி இறங்கி வந்திருக்கும் என் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம். மாதர் சங்கத்தின் பேரால் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு மணி பஸ் வருவதற்குள் நான் முடித்தாக வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரு கூடை இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதன் பக்கத்தில் போக வேண்டாம்.

நம் கால்நடை மருத்துவர் டாக்டர் பாண்டுரங்கன் ஐயா போய்விட்டார். தடுப்பூசிப் பெட்டியோடு போன மோட்டார் சைக்கிள் வளைவில் சறுக்கியது. பெட்டி தப்பியது, அவர் தப்பவில்லை. கோமாரியில் நம் மாடுகளைக் காப்பாற்றியதை, கன்று சிக்கிய பசுவோடு விடியும் வரை போராடியதை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நான் ஒரு பூனையைப் பற்றிப் பேச வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். பத்து வருடத்துக்கு முன்னால், அந்தக் காலையில், இந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

என் பேத்தி செந்தாமரைக்கு அப்போது ஆறு வயது. எங்கள் வீட்டுப் பூனையை இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். தினமும் அப்படித் தூக்குகிறவள்தான். அன்று அது திரும்பி அவள் கையைக் கவ்வியது. விடவே இல்லை. அந்தக் கோடையில்தான் முனியன் வெறிநாய் கடித்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே நடுங்கிச் செத்திருந்தான். அந்தச் சாவை ஊரே பார்த்திருந்தது. அதைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கடி எப்படித் தெரிந்திருக்கும்? என் மகன் சின்னராசு, பிள்ளையைப் பெற்றவன், உலக்கையை எடுத்துவிட்டான்.

சத்தம் கேட்டுப் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார் டாக்டர். "உலக்கைய வை, சின்னராசு. நீ அடிச்சிட்டன்னா இது வெறியா இல்லியான்னு எனக்குத் தெரியாமலே பூடும்" என்றார். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவ வைத்தார். பூனையைச் சாக்கால் மூடிக் கூடையில் அடைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மதியம் பஸ் வரும்வரை நாங்களும் அங்கேதான் நின்றோம்.

கூடையை மேசை மேல் வைக்கவில்லை, பயமில்லாமல் தானாக வெளியே வரட்டும் என்று தரையில் வைத்தார். மூடியைத் திறந்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். சன்னல் வழியாக எங்களோடு நின்று பார்த்தார். பூனை வெளியே வரவில்லை. நாலு காலையும் உள்ளே மடக்கி, முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, காதுகளைப் பக்கவாட்டில் சாய்த்துக் குந்தியிருந்தது. தொண்டையில் குர்ர் என்று சத்தம். "சொகமாத்தான் கீது டாக்டர், கொஞ்சுது பாருங்க" என்றேன் நான்.

"வலிச்சாலும் அப்பிடித்தாம்மா சத்தம் குடுக்கும். அது இன்னா செய்யுதுன்னு சொல்லாதீங்க. இன்னா செய்யறத வுட்டுட்டுதுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் யோசித்தோம். சாமை மூட்டை இருக்கும் பரண் மேல் அது ஏறுவதே இல்லை. எலி ஓடினாலும் கீழேயே கிடந்தது. முதுகை நக்குவதை விட்டிருந்தது, மயிர் சடையாகத் திரண்டிருந்தது. சோம்பேறி என்று திட்டினோமே தவிர வேறென்ன நினைத்தோம்?

தோல் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். தலையைத் தொட்டார், சும்மா இருந்தது. தோளைத் தொட்டார், சும்மா இருந்தது. இடுப்புக்குக் கை போனதும் சீறித் திரும்பியது. மயக்க ஊசி போட்டு மயிரை விலக்கினால் உள்ளே கம்பி. காட்டில் முயலுக்கு வைக்கிற சுருக்குக் கம்பி. அறுத்துக்கொண்டு வந்த பூனையின் இடுப்பில் இறுகி, தோலுக்குள் புதைந்து, சீழ் பிடித்திருந்தது.

வெட்டி எடுத்த கம்பியைச் சன்னலில் தூக்கிக் காட்டினார். ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எந்த வீட்டில் அந்தக் கம்பி இல்லை?

"யார் வெச்சதுன்னு நான் கேக்கல. காட்டுல இன்னும் எத்தினி கீதுன்னுதான் கேக்கறேன்."

 சின்னராசு மட்டும் கேட்டான்: "அப்ப வெறி இல்லியே டாக்டர்? ஊசி வாணாமே?"

"வலின்னுதான் தோணுது. எனக்குத் தோணறத நம்பி உன் பொண்ணு உசுரப் பணயம் வெக்க முடியாது. பஸ் ஏத்து."

திருப்பத்தூரில் பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றி தினம் ஒரு ஊசி. அவள் அலறுவாள், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். பத்து நாள் பூனை நல்லபடியாக உயிரோடு இருந்தால் ஊசியை நிறுத்தலாம் என்றார்கள். அது புண்ணால் செத்தாலும் நமக்கு வெறியால் செத்த மாதிரிதான், இரண்டும் வேறென்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பூனை சாகக் கூடாது. ஒரு பிள்ளைக்காக ஒரு பூனையின் உயிரை இரவும் பகலும் காவல் காத்த மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

தினமும் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, நம் ஊர் பஸ் கண்டக்டர் ராஜவேலுவைப் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "தின்னுச்சாம்மா" என்பார். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்காமலே, "இன்னிக்கித் தின்லியாம்" என்றார். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் டாக்டரே வந்து இறங்கினார், கண்ணெல்லாம் சிவந்து. பூனை மறுபடியும் கூனிக் குந்தியதைப் பார்த்து, வலி திரும்பியது என்று புண்ணில் போட்ட கட்டைப் பிரித்து, உள்ளே தங்கிய சீழை எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்தாராம். "வெடிகாலையில கருவாடு தின்னுதும்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் நாள் அந்தப் பூனை ஆஸ்பத்திரி மேசை மேல் தாவி ஏறி, நிதானமாகத் தன் முதுகை நக்கியது. ஊசி நின்றது. நாங்கள் ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாக்கு நிறையச் சுருக்குக் கம்பி கிடந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்று அவர் அப்போதும் கேட்கவில்லை.

என் செந்தாமரை இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருடம் பத்தாவது பாஸ். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எட்டாத படிப்பு.

இப்போது அந்தக் கூடைக்கு வருகிறேன். அதில் இருப்பது அடுத்த வீட்டு வடிவின் பூனை. வயசாகிவிட்டது, விடு என்றானாம் அவள் புருஷன். வடிவு விடவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, அது எதை விட்டது என்று பார்த்தாள். பரண் ஏறுவதை விட்டிருக்கிறது. முதுகை நக்குவதை விட்டிருக்கிறது. இடுப்புக்குக் கை போனால் திரும்புகிறது. நம் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது, புது டாக்டர் வர எத்தனை நாளோ தெரியாது. அதனால் வடிவும் செந்தாமரையும் இந்த பஸ்ஸில் திருப்பத்தூர் போகிறார்கள். டாக்டர் ஐயாவின் வேலை இன்றைக்கு ஒருநாள்கூட நிற்காது. இதுதான் எங்கள் உறுதிமொழி.

உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை. காட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது? விடிந்தால் அந்தச் சாக்கை ஆஸ்பத்திரி வாசலில் விரித்து வைப்பேன். இந்த முறையும் அது நிறைய வேண்டும்.

ஹாரன் கேட்கிறது. செந்தாமரை, எழுந்திரு. கூடையை அடியில் கை கொடுத்துத் தூக்கு. பஸ்ஸில் மடியில் வைக்காதே, தரையில் வை.