எட்டாவது கம்ப்யூட்டர்

அன்று மத்தியானம் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: என் மனைவி ஸ்வர்ணலதா, தம்பி சங்கர்ராம், இளைய மகள் மாளவிகா, விஸ்வேஸ்வரன் என்கிற நான். மழை விடாததால் வடாம் காயவில்லை என்று ஸ்வர்ணலதாவுக்குக் கவலை.

மாளவிகா கல்லூரியில் பாடம் எடுப்பவள். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட எட்டு கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து, கேபிளால் இணைத்து, ஒரே மெஷினாக ஓடவைத்திருந்தாள். கடல் எந்தக் கரையில் எப்போது ஏறும் என்று அது கணக்கிடும். கரையை எட்டாகப் பிரித்து கம்ப்யூட்டருக்கு ஒரு பங்கு. ஆபத்து என்றால் அந்தப் பகுதி ஜனங்களுக்கு போனில் எச்சரிக்கை போய்விடும். போன வருடம் அதை நம்பித்தான் பலர் நேரத்தோடு வெளியேறினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒவ்வொன்றிலும் குடும்பத்தில் ஒருவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தாள். முதலாவதில் என் பெயர்.

"நம்ம கூட்டுக்குடும்பமேதான். என்ன, இதுகள் சொன்ன வேலையைச் செய்யறது," என்றான் சங்கர்ராம்.

எட்டாவதில் மதுவந்தி என்று இருந்தது.

மதுவந்தி என் மூத்த மகள். எதிரே இருக்கும் வைப்பின் தீவில் மீன்பிடிக்கும் பினுவோடு போனவள். அவளைத் தலைமுழுகி ஏழு வருடமாகிறது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று மாளவிகாவிடம் சாந்தமாகவே கேட்டேன்.

"மத்த ஏழும் அதுக்காகக் காத்திண்டிருக்காதுப்பா. அதோட பங்கு மட்டும் வராது. அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன்."

எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். மற்ற மூவரும் சாப்பிட உட்கார்ந்ததும் எட்டாவதன் கேபிளைப் பிடுங்கினேன். சீட்டை மட்டும் கிழித்திருக்கலாமே என்பீர்கள். சீட்டைக் கிழிப்பது சிறுபிள்ளைத்தனம்.

மூன்று மணிக்குக் கடல் ஏறியது. ஏழு பகுதிகளுக்கு எச்சரிக்கை போயிற்று. அங்கே யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாளவிகாவின் மெஷின் நல்ல மெஷின். எட்டாவது பகுதியில் நான்கு பேர் போனார்கள். மதுவந்தி அதில் ஒருத்தி. செய்தி வந்தபோது நான் ஸ்நானம் செய்யவில்லை. ஒருத்திக்கு இரண்டு முறை தலைமுழுகும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

பெரியவருக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும், பெயரைப் பார்த்த கோபத்தில் தெரியாமல் பிடுங்கிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. தெரியாமல் காரியம் செய்கிற குடும்பம் அல்ல எங்களுடையது. எட்டாவதன் பங்கு எந்தக் கரை என்று முதலிலேயே மாளவிகாவிடம் கேட்டுக்கொண்டேன். வைப்பின் என்றாள்.